லிங்கன்ஷயரில் ஓர் ஏர்ப்போட்டி

கோதுமை அறுப்பு முடிந்து, வயல்களில் அரிதாள் மட்டும் மஞ்சளாக நின்றுகொண்டிருக்கும் செப்டம்பர் மாதத்து மாலைகளில், என் அடுத்த வீட்டுப் பெரியவர் தம் கொட்டகை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, எதிரே பழைய சாக்கொன்றை விரித்து, அதன்மேல் கலப்பையில் மண்ணைப் புரட்டும் இறக்கையைக் கழற்றிச் சாய்த்து வைத்துக்கொண்டு, உப்புத்தாளாலும் எண்ணெய்த் துணியாலும் மணிக்கணக்கில் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் வெண்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்குவார்களே, அந்தச் சிரத்தை அவர் கையில் இருந்தது. முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு அது பளபளத்த பிறகும், விரல் நுனியால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, எங்கோ ஓரிடத்தில் அவருக்கு மட்டும் தென்பட்ட ஒரு சொரசொரப்பை மறுபடியும் தேய்க்கத் தொடங்குவார்.

1978-ஆம் ஆண்டு முதல் பதினோரு வருஷகாலம் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள லிங்கன்ஷயரில் ஒரு சிறிய ஊரில் நான் வைத்தியனாக உத்தியோகம் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரையாகக் கிடக்கும் பிரதேசம் அது. வானம் முக்கால் பங்கும் பூமி கால் பங்குமாகத் தோன்றும். வந்த புதிதில், அந்த வெளியும் அதன் கருமையான களிமண்ணும் எனக்கு யாதொரு உறவும் இல்லாத பொருள்களாகவே இருந்தன. வேலி ஓரமாக நின்று ஒருநாள், “எதற்காக இவ்வளவு பாடு படுகிறீர்கள்?” என்று பெரியவரைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “துரு ஒரு புள்ளி இருந்தாலும் மண் அதிலே அப்பிக்கொள்ளும், டாக்டர். மண் வழுக்கிக்கொண்டு போகவேண்டும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் ஐயாயிரம் கல் தொலைவைக் கடந்து, பல்லடத்துக்கு அருகே எங்கள் செம்மண் தோட்டத்தின் கிணற்று மேட்டில் போய் நின்றேன்.

என் தகப்பனார் பெரிய பண்ணைக்காரர் அல்லர். பத்து ஏக்கர் பூமியும், ஒரு கிணறும், இரண்டு ஜோடி காளைகளும் அவருடைய ஆஸ்தி. ஒவ்வொரு சால் முடிந்ததும் மாட்டைத் திருப்புவதற்கு முன்னால், மேழியில் ஒரு கையை ஊன்றியபடி, தாம் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது அவருடைய வழக்கம். யாரும் பார்க்கச் சொன்னதில்லை. கோணிப்போனால் கேட்பவரும் இல்லை. 1966-இல் கடன் வாங்கி ஒரு சிவப்பு மாஸி பெர்குஸன் டிராக்டர் வாங்கிய பிறகும் அந்த வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வரப்போரம் வந்ததும் காலை எடுத்துவிட்டு, இருக்கையிலேயே உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். நான் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவன். விடுமுறையில் வரும் என்னை அவர் பக்கத்து மட்கார்டில் ஏற்றிக்கொள்வதுண்டு. அவர் திரும்பும் போதெல்லாம் நானும் திரும்புவேன். அவர் கண்டது இன்னதென்று எனக்கு அக்காலத்தில் விளங்கியதில்லை.

இதை அந்தப் பெரியவரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, “அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வு உண்டா?” என்றார். அது 1985-ஆம் வருஷம்.

பழைய டிராக்டர்களுக்கென்று நடக்கும் ஏர்ப்போட்டியை அதற்கு முன் நான் கண்டதில்லை. 1960-க்கு முந்தின டிராக்டரும் அதே காலத்துக் கலப்பையும்தான் அந்தப் பிரிவில் அனுமதி. விடிந்தும் விடியாத வேளையில், மூடுபனி இன்னும் வேலிச் செடிகளின்மேல் படுத்திருக்கையில், ஒரு விவசாயியின் நாற்பது ஏக்கர் அரிதாள் வயலில் நாற்பதுக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் ஒவ்வொன்றாக லாரிகளிலிருந்தும் இழுவண்டிகளிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தன. ஃபோர்ட்சன் நீலம், டேவிட் பிரவுன் சிவப்பு, பெர்குஸன் சாம்பல், பச்சைக்கு ஃபீல்ட் மார்ஷல் என்று, அவற்றின் நிறத்தைக் கொண்டே பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்தார் பெரியவர். ஓட்ட வந்தவர்களில் விவசாயிகள் பாதிப்பேர்தான் இருப்பார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், தபால்காரர் ஒருவர், பாட்டனாருடைய வண்டியைக் கொண்டுவந்திருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என்று இப்படிப் பலர். உழவினால் அவர்களுக்கு ஒரு காசு வருமானம் இல்லை. ஜயித்தவனுக்குக் கிடைப்பதும் ஒரு வெள்ளிக் கிண்ணம், அதையும் அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஃபீல்ட் மார்ஷல் ஒன்றைக் கிளப்பிய ஓசை இன்னும் என் செவியில் இருக்கிறது. அதே லிங்கன்ஷயரின் கெயின்ஸ்பரோவில் உற்பத்தியான வண்டி அது. ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள ஸிலிண்டர் ஒன்றே ஒன்று. வெடியுப்பில் ஊறவைத்த காகிதத்தைச் சுருட்டிக் கனலவிட்டு முன்பக்கத்துத் துவாரத்தில் வைத்துத் திருகி, பக்கத்தில் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற ஒன்றைப் பொருத்தி, அதன் முனையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார் அதன் சொந்தக்காரர். ஒரு வேட்டு. கரும்புகை வளையமாக எழுந்தது. பிறகு, கோவில் பேரிகையை ஒருவர் நிதானமாக முழக்குவதுபோல, ஒவ்வோர் அடியும் தனித்தனியாக எண்ணக்கூடிய ஒரு நாதம் அந்தப் பனியில் பரவியது. பூமியில் ஊன்றியிருந்த என் கால்களுக்கும் அந்த அதிர்வு எட்டியது.

பெரியவருடைய வண்டி சாம்பல் நிறத்துச் சிறிய பெர்குஸன். 1949-இல் அவருடைய தகப்பனார் புதிதாக வாங்கியது. 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரத்து பானர் லேன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியான அந்த ரகத்தில் ஒன்று. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹில்லரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ரக வண்டிகளில்தான் என்பதை அவர் பெருமையோடு சொன்னார். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கலப்பையை வண்டியோடு பிணைக்கும் பின்பக்கத்துக் கைகள் மூன்றையும் (கீழே இரண்டு, மேலே ஒன்று) கண்ட மாத்திரத்தில், அவை எங்கள் தோட்டத்து வண்டியில் நான் மாணவனாக இருந்தபோது கண்ட அதே கைகள் என்பதை உணர்ந்தேன். பெர்குஸன் நிறுவனம் 1953-இல் மாஸி ஹாரிஸுடன் இணைந்ததும், 1960-இல் சென்னையில் அந்த மாஸி பெர்குஸன் டிராக்டரைச் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றியதும், எங்கள் தகப்பனாருடைய சிவப்பு வண்டி இந்தச் சாம்பல் வண்டியின் நேர் வாரிசு என்பதும் பிறகு நான் தெரிந்துகொண்டவை. அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. என் கை தானாக நீண்டு அந்த மேற்கையைத் தொட்டது.

ஹாரி பெர்குஸன் அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் கவுண்டியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மகன், 1884-இல் பிறந்தவர், 1909-இன் கடைசி நாளில் தாமே செய்த ஆகாய விமானத்தில் பறந்து, அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலில் பறந்தவர் என்ற கீர்த்தியைப் பெற்றவர். முதல் உலக யுத்த காலத்தில் அயர்லாந்து முழுதும் சுற்றி டிராக்டர்களின் வேலையைப் பரிசோதிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலி பூட்டி வெறுமனே இழுத்தன. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், சக்கரம் சுழல, வண்டி முன்புறம் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுகிறவனை நசுக்கிவிடும். வண்டியும் கலப்பையும் வேறு வேறு என்ற எண்ணமே பிழை, இரண்டும் ஒரே உடம்பாக வேண்டும் என்று கண்டார் பெர்குஸன். மூன்று புள்ளிகளில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும்படி அவர் அமைத்த ஏற்பாட்டில், கலப்பையை மண் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவுக்குப் பின்சக்கரங்கள் பூமியை அழுத்திப் பற்றும்; மேற்கை வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்திப் பிடிக்கும். ஆகையால் இலேசான வண்டி கனமான வேலையைச் செய்யும். இன்று நம் நாட்டில் எந்த மூலையில் ஓடும் டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கின்றன. அவற்றை அமைத்தவருடைய பெயரை நம் விவசாயிகள் அறியாமலிருப்பது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

பெரியவர் தம் மேலங்கிப் பையிலிருந்து தட்டையான ஸ்பானர் ஒன்றை எடுத்துக் காட்டினார். பெர்குஸன் தம் கலப்பைக்கு இரண்டே அளவு மரைகளை வைத்து, இரண்டையும் திருக இந்த ஒரே ஸ்பானர் போதும்படி செய்தார். அதன் மேல் அங்குலக் கோடுகள் பொறித்திருந்தன; சாலின் அகலத்தை அளக்கவும், தொட்டியில் விட்டுப் பார்த்து எண்ணெய் மட்டத்தை அறியவும் அதுவே அளவுகோல். முப்பத்தாறு வருஷகாலம் இரண்டு தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்து, அந்தக் கோடுகளில் பாதி தேய்ந்து போயிருந்தன.

பத்து மணிக்கு ஒரு கொடி அசைந்தது. ஒவ்வொருவருக்கும் அரை ஏக்கருக்குக் குறைவான ஒரு துண்டு நிலம். முதற்சால் போட இருபது நிமிஷம் அவகாசம். அது முடிந்ததும் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும், மத்தியஸ்தர்கள் வந்து அதை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முதற்சாலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கௌரவம் என்று நான் நினைத்தேன். ஆனால் அதைப் போடுகிற காட்சியைக் கண்ட பிறகு அந்த ஐயம் எனக்கு எழவில்லை. வயலின் எதிர்க்கோடியில் செங்கோடும் வெண்கோடுமாகத் தீட்டிய கோல் ஒன்று, நடுவே ஒன்று, இப்பக்கம் ஒன்று. பெரியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ரேடியேட்டர் மூடியின் நடுவைக் குறியாக வைத்து, மூன்று கோல்களும் ஒன்றின்பின் ஒன்றாக மறைந்து ஒரே கோலாகும் வரை வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒன்றான பிறகு கலப்பையை இறக்கினார். அதன்பின் அந்தக் கடைசிக் கோலை விட்டு அவர் கண் விலகவில்லை. முதல் போக்கில் மண்ணை வலப்புறமாக மெல்லியதாகச் சாய்த்து, திரும்பி வருகையில் அடுத்த பக்கமாகச் சாய்த்து, நடுவே உழாத அரிதாள் ஒரு கொத்துகூட மிஞ்சாதபடி பிளந்துவைப்பது அந்த முதல் வேலை. பிறகு அதே மண்ணை இருபுறத்திலிருந்தும் திருப்பிக் கூட்டி, நடுவில் ஒரு முகடு கட்ட வேண்டும். அந்த முகடு கோணினால், அதை அண்டி வருகிற ஒவ்வொரு சாலும் கோணும். முதல் சாலில் ஓர் அங்குலம் தவறியவன் நாள் முழுவதும் அந்த அங்குலத்தைச் சுமந்துகொண்டு உழ வேண்டியதுதான்.

எங்கள் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய தேசத்தில் அது சரியான கருவியே. அதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் குளிர்நாட்டின் தேவை வேறு. களையும் அரிதாளும் அடியில் போய் மக்க வேண்டும். புரண்ட கட்டிகளைக் குளிர்காலத்து உறைபனி பொடியாக்க வேண்டும். ஆகவே வட்டத் தகடு செங்குத்தாக அறுக்க, கொழு கிடைமட்டமாக அறுக்க, அறுபட்ட பத்தங்குல அகலத்து மண்பாளம் இறக்கையின் வளைவில் ஏறி, அலை கவிழ்வதுபோலப் பக்கத்துச் சாலின்மேல் கவிழ்கிறது. அன்று வயலில் இருந்த கலப்பைகள் பலவற்றில் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம் என்ற பெயர் வார்த்திருந்தது. கொழுவின் அடிப்பக்கத்தை வார்ப்பின்போதே சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கி, மேற்பக்கத்தை மிருதுவாக விட்டு, மேல் தேயத் தேய அடிமுனை தானே கூர்மையாகிக்கொண்டே வரும்படி செய்யும் வித்தையை 1803-இல் கண்டவர் ராபர்ட் ரான்ஸம். எங்கள் ஊரில் கொழு மழுங்கினால் கொல்லன் உலைக்களத்துக்கு ஓடிய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

மத்தியான வேளையில் பச்சை நிறத்து ஃபோர்ட்சன் ஒன்றின் அருகே, மடக்கு நாற்காலியில் ஒரு மூதாட்டி கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார். ஓட்டியவர் அவருடைய மகன். யுத்த காலத்தில் பெண்கள் நிலப்படையில் சேர்ந்து, பதினெட்டாம் வயதில் நகரத்துத் துணிக்கடை வேலையை விட்டு வந்து, இதே ரக வண்டியை ஓட்டியவர் அந்த அம்மையார். அந்தப் படையில் எண்பதாயிரம் பெண்கள் இருந்தார்கள். கப்பலில் கோதுமை வருவது தடைப்பட்டபோது, நூற்றாண்டுகளாக மேய்ச்சலாகக் கிடந்த புல்வெளிகளை அவர்கள் உழுதார்கள். முன்பு ஆரஞ்சு நிறமாக இருந்த ஃபோர்ட்சனுக்கு யுத்தத்தில் பச்சை பூசியது எதிரி விமானத்தின் கண்ணுக்குத் தப்பவே என்று அவர் சொன்னார். குளிரில் இரும்புச் சக்கரம் கையைப் பற்றிக்கொண்டு தோலை உரித்துவிடுமாம். “அழுதுகொண்டே உழுதிருக்கிறேன். ஆனாலும் சால் நேராக இருந்ததா என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பினதில்லை” என்றார். இதைக் கேட்டபின் நான் அந்த வயலைப் பார்த்த பார்வை மாறியது. ஒவ்வொருவரும், பஸ் ஓட்டியவரும், வாத்தியாரும், அந்தப் பதினைந்து வயதுப் பையனும், வயலோரம் வந்ததும் கலப்பையைத் தூக்கிவிட்டு, ஒரு கணம் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்கள்.

கடைசிச் சால் முதற்சாலைவிடக் கடினம். இருபுறமும் உழுது வந்து நடுவில் மிஞ்சும் ஒடுங்கிய நிலத்துண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே அகலமாக இருந்தாக வேண்டும். அதைப் புரட்டிய பின் எஞ்சும் பள்ளம் ஆழமில்லாமல், சுத்தமாக, ஒரே சக்கரத் தடத்தோடு முடிய வேண்டும். கையால் மண்ணைத் தொட்டுச் சரிசெய்வது விதிக்கு விரோதம். பெரியவர் அந்தத் துண்டை நாலைந்து இடங்களில் ஸ்பானரால் அளந்தார். நடுப்பகுதியில் இரண்டங்குலம் கூடுதலாக இருப்பதைக் கண்டு, மரையைத் திருகி, அடுத்த போக்கில் அங்கே மட்டும் கொஞ்சம் அகலமாக எடுத்து, முக்காலே மூணுவீசம் சரிசெய்துவிட்டார். முழுவதும் சரியாகவில்லை. அவருக்கு நாலாவது இடம். தபால்காரருக்குக் கிண்ணம் கிடைத்தது. பெரியவர் முதல் ஆளாகப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தபால்காரருடைய கடைசிச் சாலின் ஓரமாக, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார்: “உங்கள் தகப்பனாருடைய வண்டி இப்போது எங்கே இருக்கிறது?”

நான் உள்ளதைச் சொன்னேன். தகப்பனார் 1981-இல் காலமானார். தம்பிக்கு வியாபாரம்; ஓட்ட ஆளில்லாமல் வண்டி இரண்டு வருஷம் புளியமரத்தடியில் நின்றது. பழைய இரும்புக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்கிறார், என்ன செய்யலாம் என்று தம்பி எழுதினான். கொடுத்துவிடு என்று ஆஸ்பத்திரியின் ஓய்வறையில் இருந்துகொண்டு, இரண்டு வரியில், நான் பதில் எழுதினேன். அதற்குமுன் ஒரு நிமிஷமாவது யோசித்தேனா என்று இன்றுவரை என்னை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எந்த வருஷத்து வண்டி?” என்றார். சொன்னேன். “மூன்று ஸிலிண்டர் டீஸல்” என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல. அவ்வளவுதான். மறுநாள் மாலை என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், பிஸ்கட் டப்பாக்களில் ரகவாரியாகப் பிரித்து, எண்ணெய்க் காகிதம் சுற்றி அடுக்கியிருந்த உறுப்புகளைக் காட்டினார். அவற்றில் பல எங்கள் வண்டிக்கும் பொருந்தக்கூடியவை. அவர் என்மேல் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டிவிட்டு மூடினார்.

அடுத்த வாரம் அவ்வழியே காரில் போனபோது, அந்த வயலில் ஒரு பெரிய டிராக்டர் பரம்படித்துக்கொண்டு போனது. முகடுகளும், கடைசிச் சால்களும், தபால்காரருக்குக் கிண்ணம் வாங்கிக்கொடுத்த அந்த நேர்கோடும் ஒரே புழுதியாகிவிட்டிருந்தன. எனக்கு மனம் என்னவோபோல் ஆயிற்று. பெரியவரிடம் சொன்னேன். “கோதுமை விதைக்க வேண்டுமே, டாக்டர்” என்றார். அவருடைய கையில் எண்ணெய்த் துணி இருந்தது. இறக்கையில் மசகு பூசிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நாலு வருஷங்கள், ஓய்வு கிடைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் அவரோடு போனேன். அந்தப் பக்கத்து ஹார்ன்காசிலில் 1984-இல் உலக ஏர்ப்போட்டி நடந்திருந்தது. 1953-இல் கானடாவின் கோபர்க் நகரில் தொடங்கிய அந்தப் போட்டி நடக்கும் ஊர்தோறும், சமாதானத்தின் பேரால் ஒரு கற்குவியல் நாட்டுகிறார்கள். அந்த இடத்தையும் அவர் ஒருநாள் எனக்குக் காட்டினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் எதிரில் நின்றார்.

1989-இல் நான் தாயகம் திரும்பினேன். புறப்படுகிற நாளில் அவர் அந்த ஸ்பானரை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி என் கையில் வைத்தார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தம்மிடம் இன்னொன்று இருக்கிறது என்றார். இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் கோடை மழை பெய்த மறுநாள், எங்கள் தோட்டத்தை உழுவதற்குத் தம்பி வாடகை டிராக்டர் ஒன்றை அழைத்திருந்தான். ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். மணிக்கணக்குக்குக் கூலி, அவசரமாக உழுதுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டியவன். நான் மூங்கில் கழிகள் மூன்றை வெட்டி, வேப்பமரத்தடியில் ஒன்றும், கிணற்றுமேட்டில் ஒன்றும், நடுவில் ஒன்றுமாக நட்டு, அவை மூன்றும் ஒன்றாகத் தெரியும் வரை வண்டியை நகர்த்தி, அந்த ஒன்றை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு சால் மட்டும் போகச் சொன்னேன். “எதுக்குங்கய்யா?” என்றான். சும்மா போய்ப் பாரு தம்பி என்றேன். முதல் தடவை நடுக்கழியை இடித்துச் சாய்த்துவிட்டான். நான் கழியை நட்டேன். இரண்டாம் தடவை தானாகவே வண்டியைப் பின்னுக்கு எடுத்து, குனிந்து குறிபார்த்து, மெதுவாகப் போனான். சட்டிக் கலப்பை செம்மண்ணைப் பிளந்துகொண்டு போயிற்று. கிணற்றுமேட்டை அடைந்ததும் கலப்பையைத் தூக்கினான். வண்டி திரும்பவில்லை. நான் வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஸ்டீயரிங்கில் ஒரு கையை ஊன்றி, இருக்கையில் உடம்பைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.